சாலைமேல் வரையும் அம்பு ஏன் தள்ளாடுகிறது? ஏஆர் ஹட் வடிவமைப்பில் ஒரு கேள்வி

நுண்கோடு எழுதியது:

வணக்கம். கைபேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைத்து வந்த நான், சில மாதங்களாகக் கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் ஏஆர் ஹட், அதாவது ஆக்மென்டட் ரியாலிட்டி ஹெட்-அப் டிஸ்ப்ளே, ஒன்றுக்கு இடைமுகம் வரைந்துகொண்டிருக்கிறேன். வேகத்தையும் எச்சரிக்கைக் குறிகளையும் முன்கண்ணாடியில் காட்டும் பழைய வகை ஹட் பலருக்கும் தெரிந்ததே. ஓட்டுநர் காணும் சாலையின்மேலேயே அம்புக்குறியும் தடக்கோடும் படிந்து கிடப்பதுபோலக் காட்டவேண்டும் என்பதுதான் எங்களுக்கு இடப்பட்ட பணி. முன்கண்ணாடிக்கு அப்பால் நிற்பதுபோலத் தோன்றும் மாயபிம்பம் கண்ணிலிருந்து 7.5 மீட்டர் தொலைவில் அமைகிறது. பார்வைப்புலம் கிடைமட்டத்தில் 10 டிகிரி, செங்குத்தில் 4 டிகிரி.

சிமுலேட்டரில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. போகவேண்டிய தடத்தின்மேல் விரித்ததுபோல நான் வரைந்த நீலக் கம்பளம் சாலையோடு வளைந்து போவதைப் பார்த்துப் பாராட்டாதவர் இல்லை. அதே மென்பொருளைச் சோதனைக் காரில் ஏற்றிய முதல் நாளே அந்த மகிழ்ச்சி வடிந்துவிட்டது. அம்பு சாலையில் படியாமல், தரைக்கு ஒரு முழம் மேலே மிதப்பதுபோலத் தெரிந்தது. பிரேக் போட்டால் காரை நோக்கிச் சரிந்து வருகிறது. வேகத்தடையில் ஏறினால் தொலைவில் போய் விழுந்து, மறுகணமே திரும்ப ஓடிவருகிறது. நேர்ச்சாலையில் ஒழுங்காக இருப்பது, சந்திப்பை நெருங்கியதும் பக்கத்துத் தடத்தைக் காட்டுகிறது. திரும்பவேண்டிய நேரத்தில் காட்சியின் விளிம்பில் வெட்டுப்பட்டு மறைந்தே போகிறது. ஓட்டிப் பார்த்தவர்களில் இருவர் எல்லாமே இரட்டை இரட்டையாகத் தெரிவதாகச் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இன்னொருவர் குளிர்கண்ணாடி அணிந்தபடி உட்கார்ந்து, "இன்னும் ஆன் செய்யவில்லையா?" என்று கேட்டார். அப்போது ஹட் முழு வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இவற்றில் எது மென்பொருளால் தீரக்கூடியது, எது ஒளியியலோடு பிறந்தது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அதைவிட முக்கியமாக, இத்தனை வரம்புகளுக்குள் நான் எதை வரையலாம், எதை வரையவே கூடாது? ஷோரூமில் வந்து உட்காருகிறவர் வாய்பிளக்க வேண்டும் என்பது என் மேலாளரின் வாதம். அவரை எதிர்த்துப் பேச என்னிடம் உணர்வு மட்டும்தான் இருக்கிறது, காரணம் இல்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குழியாடி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். ஹட் ஒளியியலில் பல ஆண்டுகளாக உழல்பவன் என்பதால், உங்கள் பட்டியலைப் பாதி படிக்கும்போதே சிரித்துவிட்டேன். எங்கள் முதல் வண்டியிலும் இதே கதைதான்.

சிமுலேட்டர் உங்களை ஏமாற்றியதற்குக் காரணம் எளியது. அங்கே சாலையும் அம்பும் ஒரே திரையில், ஒரே தொலைவில் இருக்கின்றன. உண்மைக் காரில் சாலை 20 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு அப்பாலும் நீண்டு கிடக்க, உங்கள் அம்போ 7.5 மீட்டரில் செங்குத்தாக நிற்கும் ஒரு கண்ணாடித் தாளில் வரைந்த ஓவியமாக இருக்கிறது. அந்தத் தாள் காரோடு கட்டப்பட்டது, சாலையோடு அல்ல.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், சமதளச் சாலையில் 50 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு புள்ளி அடிவானத்துக்கு வெறும் 1.37 டிகிரி கீழேதான் தெரியும். உங்கள் பிம்பம் அரை டிகிரி மேலே ஏறினால் அதே அம்பு 79 மீட்டரில் கிடப்பதாகத் தோன்றும். அரை டிகிரி கீழே இறங்கினால் 37 மீட்டருக்கு வந்துவிடும். கையை முழுவதும் நீட்டிச் சுண்டுவிரலைப் பாருங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 1 டிகிரி. அதில் பாதி அளவுப் பிழைதான் அம்பை 40 மீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் இழுத்தடிக்கிறது. நாம் சாலையைத் தரையோடு தரையாக, மிகச் சாய்ந்த கோணத்தில் பார்க்கிறோம் என்பதே இதற்கு அடிப்படை. எந்த மென்பொருளும் இந்தக் கோணத்தை மாற்ற முடியாது. பிழையைக் குறைக்க மட்டுமே முடியும்.

சந்திப்பில் அம்பு வெட்டுப்படுவதும் இதே வடிவகணிதம்தான். செங்குத்துப் பார்வைப்புலமான 4 டிகிரியின் மேல்விளிம்பை அடிவானத்தில் வைத்தால், கீழ்விளிம்பு 17 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். அடிவானத்துக்கு மேலே ஒரு டிகிரியாவது வேண்டும் என்று நீங்கள் கேட்டால், கீழ்விளிம்பு 23 மீட்டருக்குத் தள்ளிப்போகும். அதைவிட அருகிலுள்ள சாலையில் உங்களால் ஒரு கோடுகூடப் போட முடியாது. அகலத்தில் 10 டிகிரி என்பது 50 மீட்டரில் 8.7 மீட்டர், அதாவது 3.5 மீட்டர் தடங்கள் இரண்டரை; 20 மீட்டரிலோ ஒரே ஒரு தடம். செங்கோணத்தில் திரும்பும் கிளைச்சாலை அந்தச் சன்னலுக்குள் வருவதே இல்லை. ஓட்டுநருக்கு அம்பு மிகவும் தேவைப்படும் கடைசி 2 வினாடிகளில் அதை வரைய உங்களிடம் இடம் கிடையாது என்பதை முதலில் ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு எதை வரைவது என்ற கேள்வி தெளிவாகிவிடும்.

இரட்டைத் தோற்றத்துக்கு இரு வேறு காரணங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் அறிவேன். அந்த இருவரையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். இரட்டை மறைந்தால், அது இரு கண்களின் குவிவு சார்ந்தது. தொலைவிலுள்ள மரத்தை உற்றுப் பார்த்தபடி முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டினால் விரல் இரண்டாகத் தெரியுமல்லவா, அதேதான். கண்கள் 50 மீட்டரில் குவிந்திருக்க, பிம்பம் 7.5 மீட்டரில் நிற்கிறது. ஒரு கண்ணை மூடிய பிறகும் இரட்டை நீடித்தால், அது முன்கண்ணாடியின் குற்றம். கண்ணாடியின் உட்புறப் பரப்பிலும் வெளிப்புறப் பரப்பிலும் ஒளி தனித்தனியே எதிரொளித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்று விலகிய இரு பிம்பங்களைத் தருகிறது. இதைத் தவிர்க்கத்தான் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையிலுள்ள பிவிபி என்ற நெகிழிப் படலத்தை ஒரேயளவு தடிமனாக விடாமல், மேலே சற்றுத் தடித்தும் கீழே மெலிந்தும் இருக்குமாறு ஆப்பு வடிவில் செய்கிறார்கள். அந்த ஆப்புக் கோணம் ஒரு மில்லிரேடியனைவிட (ஏறத்தாழ 0.06 டிகிரி) குறைவு. அது குறிப்பிட்ட ஒரு கண்ணுயரத்துக்கும், குறிப்பிட்ட ஒரு பிம்பத் தொலைவுக்கும்தான் மிகச் சரியாகப் பொருந்தும். 2.5 மீட்டர் பிம்பத்துக்கென்று செய்த கண்ணாடியை 7.5 மீட்டர் ஹட்டின் முன்னே மாட்டினால் இரட்டை தெரியும். உங்கள் சோதனைக் காரில் எந்தக் கண்ணாடி மாட்டியிருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

குளிர்கண்ணாடிச் சிக்கல் நீங்கள் நினைப்பதைவிட ஆழமானது. காரின் முன்கண்ணாடி மிகவும் சாய்ந்திருப்பதால் ஹட்டின் ஒளி 60 டிகிரியை ஒட்டிய கோணத்தில் அதில் விழுகிறது. ஒளிவிலகல் எண் 1.52 உள்ள கண்ணாடிக்குப் புரூஸ்டர் கோணம், அதாவது ஒரு தளத்தில் அதிரும் ஒளி எதிரொளிக்காமல் போகும் கோணம், ஏறத்தாழ 57 டிகிரி. ஆகவே அந்தச் சாய்வில் நன்றாக எதிரொளிப்பது கிடைமட்டத்தில் தளவிளைவுற்ற, அதாவது கிடைமட்டமாக மட்டும் அதிரும், ஒளி மட்டுமே. சாலையின் பளபளப்பைத் தடுக்கும் போலராய்டு குளிர்கண்ணாடி தடுப்பதும் சரியாக அந்த ஒளியைத்தான். மற்றத் தளத்து ஒளியை எதிரொளிக்கும் சிறப்புப் பூச்சைக் கண்ணாடிக்குள் வைத்தால் இதிலிருந்து தப்பலாம். பரப்புகளின் எதிரொளிப்பு அடங்கிப் பூச்சின் எதிரொளிப்பு மட்டும் மிஞ்சுவதால் இரட்டைப் பிம்பமும் சேர்ந்தே குறையும். ஆனால் அது கண்ணாடியின் விலையில் போய் முடியும் என்பதால் திட்டத்தின் நடுவில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

பிம்பத்தை இன்னும் தள்ளி வைத்துவிட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். தள்ளி வைக்கலாம், 2020இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் ஏஆர் பிம்பம் 10 மீட்டரில் அமைகிறது. ஓட்டுநர் தலையைப் பக்கவாட்டில் 5 செ.மீ. நகர்த்தினால், 50 மீட்டரில் இருக்கவேண்டிய அம்பு, 2.5 மீட்டர் பிம்பமுள்ள பழைய ஹட்டில் 95 செ.மீ. விலகும், உங்களுடையதில் 28 செ.மீ.; 10 மீட்டரில் 20 செ.மீ. ஆனால் தொலைவும் பார்வைப்புலமும் கூடக்கூட டாஷ்போர்டுக்குள் இருந்து பிம்பத்தைப் பெரிதாக்கும் குழியாடியும் பெட்டியும் பெருக்கின்றன. உருப்பெருக்கம் கூடுவதால், வெயில் அதே பாதையில் திரும்பி உள்ளே வரும்போது இன்னும் சிறிய புள்ளியில் குவிகிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கும் விளையாட்டு உங்கள் எல்சிடி தகட்டின்மேல் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உருவத்தை முதலில் ஒரு சிதறல் திரையில் வீழ்த்தும், நுண்ணாடிகளால் இயங்கும் டிஎல்பி முறையைச் சிலர் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளைவுநெளிவு எழுதியது:

நான் பொறியாளன் அல்லன். இத்தகைய கார்களைச் சோதனைக்காக ஓட்டுபவன். குழியாடி ஐயா சொன்ன கணக்கு எனக்குப் புதிது என்றாலும், அதன் பலனை நாள்தோறும் அனுபவிக்கிறேன். ஓட்டும்போது எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது அம்பு தவறான இடத்தில் இருப்பதைக்கூட அல்ல, அது நடுங்குவதுதான். அசையாமல் ஓரிடத்தில் தவறாக நிற்கும் குறியை மனம் பத்து நிமிடத்தில் பொறுத்துக்கொள்கிறது. நடுங்கும் குறியை ஒருபோதும் பொறுப்பதில்லை. கண் தானாக அதையே நாடிப் போகிறது. காட்சியை 60 ஹெர்ட்ஸிலிருந்து 120 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் இது சரியாகிவிடாதா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மழை நாளில், ஈரச் சாலையில் எதிர்வரும் வண்டிகளின் விளக்குகள் நீண்டு கோடு கோடாய்ப் படிந்திருக்கும்போது, ஹட் போடும் தடக்கோடு எது, சாலையின் உண்மையான கோடு எது என்று ஒரு கணம் எனக்கே குழம்பியது. அன்று நான் ஹட்டை அணைத்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

கணநேரம் எழுதியது:

வளைவுநெளிவு அவர்கள் நடுக்கத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. 120 ஹெர்ட்ஸ் யோசனையோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிவினாடி, அதை இரட்டிப்பாக்கினால் மிச்சமாவது 8 மில்லிவினாடிதான். கேமரா படம் எடுத்து, அதில் தடத்தைக் கண்டறிந்து, ரேடாருடனும் வரைபடத்துடனும் ஒப்பிட்டு, உருவத்தை வரைந்து வெளியே அனுப்பும் முழுச் சங்கிலியின் தாமதம் எளிதாக 100 மில்லிவினாடியைத் தாண்டும். நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் தடவிப் பயனில்லை.

அந்த 100 மில்லிவினாடியில் எது கெடுகிறது என்பதையும் பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். 100 கி.மீ. வேகத்தில் கார் அந்த நேரத்துக்குள் 2.8 மீட்டர் முன்னேறிவிடுகிறதே என்றுதான் எல்லோரும் பதறுவார்கள். 50 மீட்டரிலிருந்த புள்ளி 47 மீட்டருக்கு வந்தால் அதன் கோணம் மாறுவது 0.08 டிகிரி மட்டுமே. கண் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் சாலையின் மேடுபள்ளத்தில் கார் தன் மூக்கை வினாடிக்கு 5 டிகிரி வேகத்தில் ஆட்டினால், அதே 100 மில்லிவினாடியில் பிழை அரை டிகிரி. குழியாடி சொன்ன 79 மீட்டரும் 37 மீட்டரும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. ஆக, நம் பகை காரின் வேகம் அன்று, அதன் தலையாட்டம். கடுமையாகப் பிரேக் போடும்போது முன்பக்கம் ஒரு டிகிரி அமிழ்ந்தாலே 50 மீட்டர் அம்பு 29 மீட்டருக்கு வந்து விழும். நுண்கோடு கண்ட சரிவு இதுவே.

இதற்கு மென்பொருள் வழி உண்டு. வரைவதற்கான தரவு மெதுவாகவே வரட்டும். உருவம் திரைக்குப் போகும் கடைசிக் கணத்தில், காரின் ஆட்டத்தை அளக்கும் கைரோ உணரியிலிருந்து வேகமாக வந்துகொண்டிருக்கும் அண்மைய அளவைக் கொண்டு முழு உருவத்தையும் மேலோ கீழோ நகர்த்திவிடவேண்டும். அடுத்த சில பத்து மில்லிவினாடிகளில் கார் எப்படி ஆடும் என்பதை முன்கணிப்பதும் உதவும். நகர்த்துவதற்கு இடம் வேண்டுமானால் உருவத்தின் மேலும் கீழும் ஓரம் விட்டிருக்கவேண்டும். உங்கள் 4 டிகிரியில் ஒரு டிகிரியை அதற்கே தானம் செய்ய நேரலாம். அதிவேகமான சிறு நடுக்கங்களை முழுவதும் துரத்தாதீர்கள். துரத்தும்போது தாமதம் சிறிது பிசகினாலும் திருத்தமே புதிய நடுக்கமாகிவிடும்.

சந்திப்பில் பக்கத்துத் தடத்தைக் காட்டுவது வேறு சங்கதி. அது ஜிபிஎஸ்ஸும் திசைப் பிழையும் சேர்ந்து செய்வது. சாதாரண ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும், தடத்தின் அகலமோ 3.5 மீட்டர். கார் நோக்கும் திசையில் 1 டிகிரி பிழை இருந்தால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் விலகல், அதாவது சரியாக அரைத் தடம். கேமரா காணும் தடக்கோடுகளோடு பொருத்தித்தான் இதைச் சரிசெய்ய முடியும். சந்திப்புக்குள் கோடுகளே இருப்பதில்லை என்பதால் மிகவும் தேவைப்படும் இடத்தில் அதுவும் கைவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சோதியுங்கள். பழைய ஹட்டில் பிம்பத்தை மேலே கீழே நகர்த்த ஒரு பொத்தான் இருக்கும். ஓட்டுநர் தம் உயரத்துக்கு ஏற்ப அதை அழுத்திக்கொள்வார், அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஏஆர் ஹட்டிலும் அதே பொத்தான் இருந்து, அது ஆடியைச் சாய்ப்பதை உங்கள் மென்பொருள் அறியாமல் இருந்தால், முதல் ஓட்டுநர் தம் வசதிக்கு அழுத்தியதுமே சாலைக்கும் அம்புக்குமான பொருத்தம் முழுவதும் போய்விடும். அம்பு தரைக்கு மேலே மிதப்பதாக நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

விழிவழி எழுதியது:

மேலே உள்ளவர்கள் அம்பை எப்படிச் சரியாக வைப்பது என்று நன்றாகவே விளக்கிவிட்டார்கள். வைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன்; ஓட்டுநர் கவனம் பற்றிய ஆய்வே என் தொழில்.

ஹட்டுக்கு ஆதரவான காரணம் உறுதியானது. 80 செ.மீ. தொலைவிலுள்ள டாஷ்போர்டைப் பார்க்கக் கண் 1.25 டையாப்டர் (குவியத் திறனின் அலகு) அளவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளவேண்டும், 7.5 மீட்டர் பிம்பத்துக்கு 0.13 டையாப்டர் போதும். வெள்ளெழுத்து வந்துவிட்ட ஓட்டுநருக்கு இது பெரிய வரம். தலையைக் குனியவும் வேண்டியதில்லை. 1988இல் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீமில் ஹட் வந்த காலத்திலிருந்து இந்த நன்மையை யாரும் மறுத்ததில்லை.

ஆனால் கண் சாலையின் திசையில் இருப்பதும் மனம் சாலையில் இருப்பதும் ஒன்றல்ல. 1980இல் ஃபிஷர், ஹெய்ன்ஸ், பிரைஸ் ஆகிய மூவர் நாசாவில் செய்த ஆய்வு ஒன்றில், சிமுலேட்டரில் ஹட் வழியாகப் பார்த்துத் தரையிறங்கிய விமானிகளில் சிலர், ஓடுதளத்தில் குறுக்கே வந்த இன்னொரு விமானத்தைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் அனைவரும் பயிற்சி பெற்ற விமானிகள். விமானம் அவர்களுடைய பார்வையின் நடுவில்தான் இருந்தது. குறியீடுகள் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொண்டன. உங்கள் மேலாளர் வாய்பிளக்க வைக்க விரும்புகிறாரே, அந்த வாய்பிளப்பு 80 கி.மீ. வேகத்தில் நிகழ்ந்தால் அதற்குப் பெயர் கவனச்சிதறல். கம்பளம் ஷோரூமில் ஓடட்டும். கார் பார்க்கிங் நிலையில் இருக்கும்போது மட்டும் இயங்கும் ஒரு செயல்விளக்கமாக அதை வைத்துக்கொள்ளுமாறு அவரிடம் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்தச் சமரசத்துக்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

நீலக் கம்பளம் ஏன் கூடாது என்பதற்கு இன்னும் சில காரணங்கள். ஹட் ஒளியைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. அதனால் கறுப்பை வரையவே முடியாது. நிழலால் ஆழம் காட்டும் உங்கள் பழைய உத்திகள் எதுவும் இங்கே பலிக்காது. வெயில் பட்ட வெளிறிய சாலையில் நீலம் கரைந்துபோகும். இரவிலோ அதே கம்பளம் தார்ச்சாலையின் குழியையும் கறுப்பு உடையில் கடக்கும் பாதசாரியையும் மூடிவிடும். பகலில் சதுர மீட்டருக்கு 10,000 கேண்டெலா வரை தேவைப்படும் வெளிச்சத்தை இரவில் ஓரிலக்கத்துக்கு இறக்கவேண்டும். இறக்கிய பிறகும் பரப்பு பெரிதாக இருந்தால் அது ஒரு மெல்லிய திரைதான். மேலும், கம்பளத்தின் நடுவே முன்னால் ஒரு லாரி வந்து நின்றால் என்ன ஆகும்? லாரியின் பின்கதவின்மேல் சாலை வரைந்தது போலிருக்கும். மறைக்கப்பட வேண்டியது மறையாமல் தெரிந்தால், அது லாரிக்கு இப்பால் இருப்பதாகவே மூளை முடிவுகட்டும். ரேடாரைக் கொண்டு அந்தப் பகுதியை வெட்டிவிடலாம். ஆனால் அந்த வெட்டும் தாமதமாக, சற்று விலகித்தான் விழும்.

பாதசாரிகளைச் சுற்றிப் பெட்டி போடும் ஆசையும் உங்களுக்கு வரும். நான் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான். ஐந்து பேரில் நால்வரைச் சுற்றிப் பெட்டி இருந்தால், பெட்டி இல்லாத ஐந்தாமவர் ஓட்டுநரின் மனத்திலிருந்து நழுவுகிறார். கருவி பார்த்துவிட்டது என்ற நம்பிக்கை கண்ணின் வேலையைக் குறைத்துவிடுகிறது. கண்டிப்பாக எச்சரிக்கத்தான் வேண்டும் என்றால், மோதல் அபாயம் உள்ள ஒருவருக்கு மட்டும், அவர் காலடிக்குக் கீழே ஒரு குறுங்கோடு போதும். ஆளின் மேல் எதையும் வரையாதீர்கள்.

எதை வரையலாம் என்றால், என் கருத்தில் மிகக் கொஞ்சம். வேகமும் திருப்பத்தின் திசையும் எஞ்சிய தொலைவும் திரையோடு ஒட்டியவையாக, கீழ் ஓரத்தில், அசையாமல் இருக்கட்டும். 2020இல் வந்த ஃபோக்ஸ்வேகன் ஐடி.3இல் இப்படித்தான் இரண்டு தளங்களாகப் பிரித்தார்கள்: வேகம் முதலியவை அருகிலுள்ள சிறு சன்னலில், சாலையோடு ஒட்டியவை 10 மீட்டர் அளவில் உள்ள தொலைச் சன்னலில். பிஎம்டபிள்யூ 2025 தொடக்கத்தில் காட்டிய பனோரமிக் ஐடிரைவ், முன்கண்ணாடியின் அடியில் உள்ள கறுப்புப் பட்டையில் காரின் ஒரு பக்கத் தூணிலிருந்து மறுபக்கத் தூண்வரை தகவலைப் படரவிட்டு, சாலைமேல் படியவேண்டிய குறிகளைத் தனியான ஒரு 3டி ஹட்டுக்கு விட்டுவிடுகிறது. சாலையோடு ஒட்டும் குறி உங்களுக்கு வேண்டுமென்றால், பிழையைத் தாங்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு புள்ளியில் குத்திட்டு நிற்கும் அம்பு 20 மீட்டர் தவறினால் பொய்யாகிவிடும். தடத்தின் நீளவாக்கில் கிடக்கும் இரண்டு மெல்லிய கோடுகள் அதே 20 மீட்டர் முன்பின் நகர்ந்தாலும் பொய்யாவதில்லை, ஏனெனில் அவை தொலைவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கணநேரம் சொன்ன மூக்காட்டம் கெடுப்பது தொலைவை மட்டும்தானே. அதைச் சொல்லாத குறியை அது கெடுக்க முடியாது.

நுண்கோடு எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கண்ணை மூடும் சோதனையில் ஒருவருக்கு இரட்டை மறைந்தது; உயரம் குறைந்த மற்றவருக்கு மறையவில்லை. விசாரித்தபோது, காரில் மாட்டியிருந்தது பழைய ஹட்டுக்கென்று செய்யப்பட்ட முன்கண்ணாடி என்று தெரியவந்தது. யாருக்கும் அது முக்கியமாகத் தோன்றவில்லையாம். புதிய கண்ணாடிக்கு ஆர்டர் போயிருக்கிறது.

அம்பு மிதந்ததற்குக் காரணம் கணநேரம் அவர்கள் ஊகித்ததேதான். எனக்கு முன் ஓட்டியவர் பொத்தானை நான்கு படிகள் மேலே அழுத்தி வைத்திருந்தார். மென்பொருள் ஆடியின் நிலையைப் படிக்கவே இல்லை. அதைச் சேர்த்ததும் அம்பு தரையிறங்கிவிட்டது. கைரோத் திருத்தத்துக்காக மேலும் கீழும் அரை அரை டிகிரி விட்டுக்கொடுத்தோம்.

கம்பளத்தை அகற்றி, அதன் இடத்தில் இரு பச்சைக் கோடுகளை மட்டும் வைத்து ஓட்டினேன். முதல் ஐந்து நிமிடம் வெறுமையாக இருப்பதாகத் தோன்றியது. பிறகு அவை இருப்பதையே மறந்துவிட்டேன். மேலாளர் பின்னிருக்கையிலிருந்து, "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். ஹட் ஓட்டுநரின் கண் இருக்கும் சிறு பரப்புக்கு மட்டுமே தெரியும் என்பதை விளக்கி, அவரை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றவேண்டியிருந்தது. ஓட்டி முடித்ததும் கம்பளத்தைப் பற்றி அவர் பேசவில்லை. செயல்விளக்க யோசனைக்கும் ஒப்புக்கொண்டார்.

எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. சந்திப்புக்கு 20 மீட்டரில் சாலைக் கோடுகள் காட்சியிலிருந்து வெளியேறும்போது, அவற்றைத் திரையோடு ஒட்டிய அம்பாக உருமாற்றிக் காட்ட நினைக்கிறேன். கோடு எழுந்து அம்பாக வளையும் ஓர் அசைவு. பார்க்க அழகாக இருக்கிறது. இது சரியா?

விழிவழி எழுதியது:

வேண்டாம். அந்த 20 மீட்டர் 30 கி.மீ. வேகத்தில் இரண்டரை வினாடிக்கும் குறைவு. ஓட்டுநர் அப்போது பக்கவாட்டில் வரும் இருசக்கர வாகனத்தையும் கடக்க நிற்பவரையும் பார்க்கவேண்டியவர். பார்வையின் நடுவில் எழுந்து வளையும் எதுவும் அவர் கண்ணைப் பிடித்து இழுக்கும். திரையோடு ஒட்டிய அம்பு சந்திப்புக்கு வெகு முன்பே, 150 அல்லது 200 மீட்டரிலேயே, தன் இடத்தில் வந்து நின்றிருக்கட்டும். கோடுகள் 40 மீட்டரிலிருந்து மெதுவாக மங்கி, வெளியேறுவதற்கு முன்பே மறைந்துவிடட்டும். தடத்தைப் பற்றிய நம்பிக்கை குறையும்போதும் அதே மங்கலையே பயன்படுத்துங்கள். ஒன்று மற்றொன்றாக மாறவேண்டிய தேவையே இல்லாதபடி இரண்டும் சேர்ந்திருந்து, ஒன்று மட்டும் விலகினால் போதும். சோதிக்கும்போது, சில சந்திப்புகளில் வேண்டுமென்றே தவறான தடத்தைக் காட்டுங்கள். சாலையை விட்டுக் கோட்டைப் பின்தொடர்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இதை மூடிய சோதனைத் தடத்தில் மட்டுமே, பக்கத்தில் இரண்டாவது பிரேக்குடன் ஒருவர் அமர்ந்திருக்கும்போது செய்யவேண்டும்.